மனுவும் நாற்காலியும்

அலுவலகத்தில் நாற்காலி வேண்டுமென்று யாரும் மனு எழுதுவதில்லை. விளக்கு, மின்விசிறி, மாடிப்படி எல்லாமே உடலுக்குச் செய்துதரப்பட்ட உதவிகள்தான். கேட்காமலே வந்ததால் அவை உதவியாகத் தெரிவதில்லை. காலிப்பர் மாட்டி நடக்கிற நான், 'கீழ்த்தளத்துல ஒரு சீட் கொடுங்க சார்' என்று கேட்டால் மட்டும் அது சலுகை ஆகிவிடுகிறது. முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஆறு மாசம் கழித்து 'பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வரி பதில் வந்தது. சிலருடைய தேவை இயல்பு, சிலருடையது விண்ணப்பம். இந்தப் பிரிவினைக்கு வரலாறு உண்டு.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் உடலை உறுப்பு உறுப்பாக அட்டவணை போட்டது. இந்த விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் இத்தனை சதவீதம் போச்சு என்று கணக்கு. இயந்திரத்தை, வேலைமுறையை மாற்றணும் என்ற பேச்சே அதில் இல்லை. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு தந்தது. அதன் 47ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை வெளியேற்றவோ பதவி இறக்கவோ கூடாது என்றது. காலை இழந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட காவலர் ஒருவருக்காக 2003இல் உச்சநீதிமன்றம் இதை உறுதிசெய்தது. இடம் கிடைத்தது, சரி. அந்த இடம் எந்த உடலை மனசில் வைத்துக் கட்டப்பட்டது?

இந்தக் கேள்வியைத் தொடுவது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் 'நியாயமான தகவமைப்பு'. இந்தச் சொல்லின் பூர்வீகம் சுவாரசியமானது. அமெரிக்காவில் 1972இல் குடிமை உரிமைகள் சட்டத் திருத்தத்தில் இது நுழைந்தபோது, பேச்சு ஊனத்தைப் பற்றியதல்ல, மத அனுஷ்டானத்தைப் பற்றியது. ஓய்வுநாள் கடைப்பிடிக்கிற தொழிலாளியைக் குறையுள்ளவன் என்று யாரும் சொல்லவில்லை. வேலை அட்டவணைதான் வளையணும் என்றார்கள். 1977இல், சான் பிரான்சிஸ்கோ அரசுக் கட்டிடத்தில் ஊனமுற்றோர் வாரக்கணக்கில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திய பிறகு கையெழுத்தான விதிகளில் அதே சொல் அவர்களுக்கும் வந்தது.

நம் சட்டம் தகவமைப்பை மறுப்பதே பாகுபாடு என்கிறது. 'மிகையான சுமை' என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. சுமையைத் தராசில் நிறுக்கிற கை மேலதிகாரியுடையது. வாய்திறந்து கேட்கவேண்டியவர் ஊழியர். ஆனால் 21ஆம் பிரிவை யாரும் வாசிப்பதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையைத் தானே அறிவிக்கணும் என்கிறது அது. அதாவது முதலில் பேசவேண்டியது நிறுவனம். 'உங்க கொள்கை எங்கே?' என்று கேட்பது உதவி கேட்பதல்ல, கணக்குக் கேட்பது.