ஆசிரியர் கடனும் மாணாக்கர் கடனும்

கலாசாலைக் கல்வி பெறும் வாலிபர்களுக்குச் சம்பளமும் புத்தகமும் உதவுதல் தக்கதே. ஆயினும், வழிகாட்டும் ஒரு பெரியவரின் துணையின்றி அவ்வுதவி முழுப்பயன் தருவதில்லை. இதற்குச் சான்றாக ஒரு சரித்திரத்தை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) தம்மை நாடி வந்தோர்க்குத் தமிழ் கற்பித்துவந்த பெருந்தகையார். தியாகராச செட்டியார், சவராயலு நாயகர், நாகூர்க் குலாம் காதிறு நாவலர், உ. வே. சாமிநாதையர் முதலியோர் அவர்பாற் பயின்றவர்கள். இன்ன குலத்தார், இன்ன மதத்தார் என்பதை அவர் கருதவில்லை. கற்கும் ஆர்வம் ஒன்றையே கருதினார்.

இவர்களுள் தியாகராச செட்டியார் கும்பகோணம் கலாசாலையில் தமிழாசிரியராக விளங்கியவர். 1880-ஆம் ஆண்டில் அவர் அவ்வுத்தியோகத்தினின்றும் விலக நேர்ந்தது. நற்பதவியொன்று காலியாயின் அதனைத் தம் சுற்றத்தார்க்கும் சொந்த ஜாதியார்க்கும் தேடித்தருதல் உலகியல்பு. செட்டியாரோ, ஒரே ஆசிரியரிடம் தமக்குப் பின்னே பயின்றவரும், வேறு குலத்தவரும், அப்போது திருவாவடுதுறை மடத்திலிருந்தவருமாகிய சாமிநாதையரையே தேர்ந்தெடுத்தார். மடத்தின் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகரும், அவரைப் பிரிய மனமில்லாதிருந்தும், அவரது நலங்கருதி விடை கொடுத்தனுப்பினார். கலாசாலை ஆசிரியர்கள் பரீட்சித்துப் பார்த்த பின்னரே ஐயர் அப்பதவியை ஏற்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

அதன் பயன் யாதாயிற்று? அவ்வூரில் உத்தியோகம் பார்த்த சேலம் இராமசுவாமி முதலியாரின் நட்பு ஐயருக்குக் கிட்டியது. அவர் தூண்டுதலால் சீவகசிந்தாமணி ஆராய்ச்சி தொடங்கி, 1887-இல் அந்நூல் அச்சேறிற்று. பழந்தமிழ் நூல்கள் பல அதன்பின் வெளிப்போந்தன.

ஐயரும் நன்றி மறந்தாரல்லர். சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் ‘தியாகராச விலாசம்’ என்று பெயரிட்டார். தம் ஆசிரியரின் சரித்திரத்தை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். அவ்வில்லம் 2012-இல் இடிக்கப்பட்டுவிட்டது. அந்நன்றியின் வரலாறு நம்மிடம் எஞ்சியுள்ளது.

நம் குலத்துப் பிள்ளைகளின் முன்னேற்றத்திற்கென்றே கூடியுள்ள நாம் இதனைச் சொல்லக் கூசவேண்டுவதில்லை: செட்டியார் குலம் பார்த்திருப்பின் தமிழுக்கு நேர்ந்திருக்கும் நஷ்டம் பெரிது. ஆதலின், கலாசாலைகளில் ஆசிரியராகவுள்ள நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும், துணையற்ற மாணாக்கர் ஒருவரையேனும், அவர் எக்குலத்தவராயினும், தம் பொறுப்பில் ஏற்று வழிகாட்ட வேண்டுகின்றோம். உதவி பெற்ற மாணாக்கர்களும் நாளை அக்கடனைப் பிறர்க்கு இறுப்பார்களாக.