சாவி தளர்ந்த தோடி

புதிதாக வரும் பாட்டுத் தொகுப்புகளுக்கு விமர்சனம் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. சினிமாவுக்குள் அடங்காத பாட்டு, நாலைந்து பையன்கள் சொந்தக் காசு போட்டு வீட்டு மாடியில் பதிவு செய்கிற பாட்டு, இதெல்லாம் என் பங்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு குழுவின் தொகுப்பைக் கும்பகோணத்திலிருந்து மாயவரம் வரும் பஸ்ஸில் கேட்டு முடித்து, அன்று ராத்திரியே எழுதி அனுப்பினேன். மூன்றாவது பாட்டில் பேஸ் கிடார் இருக்கிற சுவடே இல்லை, எலும்பு நிற்கிறது, சதையைக் காணோம் என்று கொஞ்சம் குஷியாகவே எழுதியிருந்தேன். அச்சில் வந்த மறுநாள் அந்தப் பையன் போன் செய்தான். கோபமே இல்லை. "சார், உங்க இயர்போன்ல இடது பக்கம் வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாருங்க. அந்தப் பாட்டுல பேஸை முழுக்க இடது பக்கம் வச்சிருக்கோம்" என்றான். பார்த்தேன். செய்யவில்லை.

என் பெரியப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே அவர் நாற்பதுகளிலிருந்து கிராமபோன் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். மைக் செட் பிறகுதான் வந்தது. கல்யாணம், காதுகுத்து, அறுப்பு முடிந்த கையோடு நடக்கும் அம்மன் திருவிழா என்று எதுவானாலும் பெட்டியையும் தட்டுகளையும் வைக்கோல் மெத்தை போட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். தட்டு என்று நான் எழுதுகிறேன், அவர் சொன்னது பிளேட்டு. அரக்கில் செய்தது. கை நழுவினால் அப்பளம்தான்.

அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒரு மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தில் ஜி.என். பாலசுப்ரமணியம் பிளேட்டு ஓடுகிறது. ஜி.என்.பி. எங்கள் சீமைப் பிள்ளை, மாயவரம் பக்கத்துக் கூடலூரில் 1910-ல் பிறந்தவர். மின்னல் மாதிரி பிருகா அவருக்கு. சாவி கொடுக்க வேண்டிய பெரியப்பா பந்தியில் உட்கார்ந்துவிட்டார். விசை தளரத் தளரத் தட்டு மெதுவாகிறது, சுருதி இறங்குகிறது, பிருகாவெல்லாம் நடவு வயலில் மாடு கால் எடுத்து வைக்கிற மாதிரி ஆகிவிட்டது. திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னாராம்: "பையனுக்கு சாரீரம் போயிடுத்து. நான் போன வருஷமே சொன்னேன்." பெரியப்பா ரசத்தோடு எழுந்து ஓடிவந்து சாவியைச் சுற்றினார். ஜி.என்.பி.க்கு சாரீரம் திரும்ப வந்தது. பெரியவர் அசரவில்லை. "பரவாயில்லை, சாதகம் பண்ணியிருக்கான்" என்றாராம்.

இந்தக் கதையை நான் விமர்சகர்களின் கதை என்றுதான் வைத்திருக்கிறேன். காவிரிப் படுகையில் பாட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதவன் கிடையாது. ஆனால் அபிப்பிராயத்துக்கும் பாட்டுக்கும் நடுவே எது நிற்கிறது என்று பார்த்துக்கொண்டவர்கள் குறைவு.

மாயவரத்திலேயே நடந்த பழைய வழக்கு ஒன்றை உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடி முடித்து, சிறப்புப் பாயிரம் வேண்டும் என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருகிறார். இன்றைய கணக்கில், தொகுப்பு வெளிவருமுன் பெரிய விமர்சகரிடம் நாலு வரி கேட்பது மாதிரி. பிள்ளையவர்களுக்கு மனசில்லை. இலக்கணப் பிழைகள் கண்ணில் உறுத்துகின்றன. பாரதியார் வருகிறார், போகிறார், மறுபடி வருகிறார். ஒருநாள் பிள்ளையவர்கள் பகல் தூக்கத்தில் இருந்தபோது வந்தவர், எழுப்பாமல் திண்ணையில் உட்கார்ந்து தம் பாட்டை மெல்லப் பாட ஆரம்பித்தார். உள்ளே விழித்துக்கொண்ட புலவர் படுத்தபடியே கேட்டு உருகிப் போனார். பாயிரம் கிடைத்தது. ஏட்டில் படித்தபோது இருந்த பிழைகள் அப்போதும் அங்கேயேதான் இருந்தன. பிள்ளையவர்கள் அதுவரை பாட்டைப் படித்திருந்தார், கேட்கவில்லை.

அப்போதெல்லாம் விமர்சனம் என்ற சொல்லும் இல்லை, அச்சும் தேவைப்படவில்லை. சுவாமி புறப்பாட்டில் நாலு வீதியும் சுற்றி வருவதற்குள் விடிந்துவிடும். ஒரு சந்தியில் மல்லாரி, அடுத்த வீதி முழுக்க ஒரே ராகம். கேட்கிறவர்கள் கூடவே நடப்பார்கள். நாயனக்காரர் நன்றாகப் பிடித்தால் தீவட்டிக்காரன்கூட நகர மாட்டான். ராகம் சோர்ந்தால் கூட்டம் சோடாக் கடைப் பக்கம் கரையும். அதுதான் தீர்ப்பு, வாசிக்கிறவர் கண் முன்னாலேயே கிடைத்துவிடும். ஆனால் அந்த ராத்திரியோடு அது முடிந்தது. வந்தவன் சொன்னதை வராதவன் நம்ப வேண்டியதுதான்.

இதைக் கெடுத்தது பிளேட்டு. அல்லது காப்பாற்றியது, எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். 1902-ல் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கோஹர் ஜானைப் பதிவு செய்தார். அம்மாள் பாட்டின் கடைசியில் தன் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்வார். மெழுகுத் தகடு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் போய் அங்கே அச்சாக வேண்டும், யார் பாடியது என்று அங்கே இருப்பவனுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. 1908-ல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை வந்த பிறகு அந்தத் தேவை போய்விட்டது. அதற்குள் சென்னையிலும் பதிவுகள் தொடங்கியிருந்தன. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், சற்றே கூடலாம். ஒரு வீதி நீளம் இருந்த ராகத்துக்கு இவ்வளவுதான் இடம்.

மூன்று நிமிஷம் என்ன செய்யும்? வித்வான் யோசிக்க நேரமில்லை. தேடிக்கொண்டே ராகத்துக்குள் போகிற அந்த முதல் பத்து நிமிஷம், சுகமான தடுமாற்றம், அது முழுக்கப் போய்விடும். வாயைத் திறந்ததும் ராகத்தின் முகம் தெரிந்தாக வேண்டும். நிறையப் பேர் இதில் தோற்றார்கள். கச்சேரியில் யானை மாதிரி இருந்தவர்கள் தட்டில் பூனையானார்கள். சிலருக்கு மட்டும் அந்த நெருக்கடியே கூர்மை கொடுத்தது. இன்று முப்பது விநாடியில் ஆளைப் பிடிக்க வேண்டும் என்று பாட்டு அமைக்கிற பையன்களைப் பார்த்து நம் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும்போது எனக்கு இது ஞாபகம் வரும். அவர்கள் கோயில் கட்டிக் கும்பிடும் வித்வான்களும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாடியவர்கள்தான்.

தட்டு கொடுத்த இன்னொரு பாக்கியம், "மறுபடி போடு" என்று சொல்ல முடிந்தது. மாயவரத்தில் கேட்டதும் மன்னார்குடியில் கேட்டதும் ஒரே பாட்டு. இரண்டு பேர் ஒரே சங்கதியைப் பற்றிச் சண்டை போடலாம், யார் சொன்னது சரி என்று ஊசியை வைத்துப் பார்க்கலாம். 1939 மே மாதம் திருச்சி வானொலி நிலையம் வந்ததும் கேட்கிற கூட்டம் இன்னும் பெருகியது.

அந்தக் கூட்டத்துக்கு எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது. மணல்மேட்டுக்குப் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர் வந்து சேர்ந்தார். ரா. கிருஷ்ணமூர்த்தி, 1899-ல் பிறந்தவர், ஊருக்கெல்லாம் கல்கி. ஆனந்த விகடனில் முப்பதுகளில் அவர் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதிக்குக் கீழே இருந்த பெயர் 'கர்நாடகம்'. கர்நாடகம் என்றால் சங்கீதம், நம் பேச்சில் பத்தாம்பசலி என்றும் அர்த்தம். இரண்டையும் சேர்த்துத் தன் மேலேயே போட்டுக்கொண்ட அந்தக் குறும்புதான் அவர் விமர்சனத்தின் சுருதி. அதுவரை சங்கீதத்தைப் பற்றி எழுதியவர்கள் லட்சணம் எழுதினார்கள். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் கொண்டுவந்த 'கருணாமிர்த சாகரம்' மலை மாதிரிப் புத்தகம், ஆனால் நேற்று ராத்திரிக் கச்சேரி எப்படி இருந்தது என்று அதில் தேட முடியாது. கல்கி அதைத்தான் எழுதினார். மேளகர்த்தா எண் தெரியாதவன் படித்துச் சிரிக்கிற மாதிரி எழுதினார். தமிழ்ப் பாட்டைக் கடைசித் துக்கடாவுக்கு ஒதுக்குவதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அது பின்னால் தமிழிசை இயக்கமாக விரிந்தபோது முன்வரிசையில் நின்று எழுதினார்.

அவரிடம் எனக்கு ஒரு குறை. எம்.எஸ். சுப்புலட்சுமியை எழுத்தில் கொண்டாடினார், எம்.எஸ்ஸின் கணவர் சதாசிவத்தோடு சேர்ந்து 1941-ல் 'கல்கி' பத்திரிகை ஆரம்பித்தார், 1945-ல் எம்.எஸ். நடித்த 'மீரா'வுக்கு 'காற்றினிலே வரும் கீத'மும் எழுதிக் கொடுத்தார். விமர்சகர், கூட்டாளி, பாடலாசிரியர் மூன்றும் ஒருவர். இன்றைக்கு நான் ஒரு குழுவுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் தொகுப்புக்கு விமர்சனமும் எழுதினால் என் ஆசிரியர் கதவைச் சாத்திவிடுவார். ஆனால் அந்தப் பாட்டுத் தட்டு பெரியப்பாவிடம் இருந்தது. குறை சொல்ல உட்கார்ந்து நான் பல தடவை குறையை மறந்திருக்கிறேன்.

சபைக் கச்சேரிக்குக் கிடைத்த எழுத்தில் கால் பங்குகூட நாதஸ்வரத்துக்குக் கிடைக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். நாயனக்காரர் நிற்க வேண்டியவர், தெருவில் வாசிக்க வேண்டியவர், சட்டை இல்லாமல் வர வேண்டியவர். எந்தப் பெரிய வீட்டுக் கல்யாணமும் அவர் இல்லாமல் நடக்காது, அந்த வீட்டின் கூடத்துக்குள் அவருக்கு இடம் கிடையாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை இந்த ஏற்பாட்டோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார், ஷெர்வானி போட்டார், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். அவர் தோடி ராகம் தட்டாக வந்தபோது வேறொன்று நடந்தது. பெரியப்பா இதை விவரமாகச் சொல்வார். ஓர் அக்கிரகாரத்து வீட்டில் கிராமபோனைக் கூடத்தில், ஊஞ்சலுக்கு எதிரே வைக்கச் சொன்னார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். சாவி கொடுத்து ஊசி வைத்ததும் தோடி கூடத்தில் எழுந்தது. பக்கம் முடிந்தது. திருப்பிப் போட வேண்டும், ஊசி மாற்ற வேண்டும், அந்த இடைவெளியில் ஒருவரும் பேசவில்லை. "அன்னிக்குத்தாண்டா அவர் அந்த வீட்டுக்குள்ள போனார், வாசல் வழியா இல்ல, குழாய் வழியா" என்பார் பெரியப்பா. இசைத்தட்டைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இந்த ஒரு வாக்கியத்தின் கனம் இல்லை.

அந்தத் தட்டைத்தான் எட்டு வயசில் நான் கீழே போட்டேன். உடையவில்லை, ஓரத்திலிருந்து இரண்டு விரல்கடை கீறல் விழுந்தது. பெரியப்பா அடிக்கவில்லை. சாவி கொடுத்து ஓட்டிப் பார்த்தார். முதல் அரை நிமிஷம் 'டக், டக்' என்று ஒரு தாளம் வந்தது. "இவன் தவில் சேர்த்துட்டான்" என்றார், அவ்வளவுதான். ஊசிப் பஞ்சம் அவருக்கு எப்போதும் உண்டு. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது கணக்கு. அவர் தீப்பெட்டியின் மருந்துப் பட்டையில் தேய்த்துத் தேய்த்து நாலு பக்கம் ஓட்டுவார். கொதிக்கிற எண்ணெய் மாதிரி வரும் அந்த 'சர்' சத்தத்தைக் குறைப்பதற்கே அவர் ஆயுளில் பாதி போயிருக்கும்.

பிறகு கேசட் வந்து எல்லாவற்றையும் கலைத்தது. வெள்ளைத் தாளில் பாட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்தால் சாயங்காலம் பதிந்து தரும் கடைகள் மாயவரத்தில் தெருவுக்கு ஒன்று. இளையராஜா 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' கொண்டுவந்து, அதைத் தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பித்தபோது நான் கல்லூரிப் பையன். சினிமாவும் இல்லாமல் கச்சேரியும் இல்லாமல் ஒரு தொகுப்பு. தியாகராஜரின் திருவையாறு இங்கிருந்து கூப்பிடு தூரம், பாக் யாரென்று எங்களில் யாருக்கும் தெரியாது. பெரியப்பாவைக் கேட்டேன். கேசட்டைத் திருப்பித் திருப்பி மூன்று தடவை போடச் சொன்னார். "நல்லாத்தான் இருக்கு. என்னன்னு சொல்லத் தெரியல" என்றார். என் நண்பன் அதற்குள் ஒன்றரைப் பக்கம் விமர்சனம் எழுதி முடித்திருந்தான்.

இப்போது தஞ்சாவூர்ப் பக்கத்து அந்தோணிதாசன் மேடையில் நாட்டுப்புறப் பாட்டோடு கிடாரையும் டிரம்ஸையும் நிறுத்துகிறார். தெருவில் வாசித்தது மேடையேறுவது புதுசில்லை, ஆனால் ஏறுகிறவர்கள் இப்போது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இடது பக்கம் பேஸ் வைத்த பையன்கள் போன மாதம் புதுத் தொகுப்பு அனுப்பியிருந்தார்கள். புது இயர்போன் வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து, ராத்திரி மூன்று தடவை கேட்டேன். ஐந்தாவது பாட்டில் பழைய தட்டிலிருந்து ஒரு துண்டு நாதஸ்வரம் எடுத்துச் சுற்றவிட்டிருக்கிறார்கள். அதோடு அந்த எண்ணெய்ச் சத்தம். தட்டில் இருந்தது போதாதென்று கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் சேர்த்திருப்பது தெரிகிறது. பெரியப்பா தீப்பெட்டியில் தேய்த்துத் துரத்தியதை இவர்கள் அழைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். நன்றாகவும் இருக்கிறது.

ஆனால் அந்த நாதஸ்வரம் என் காதுக்கு அரைக் கட்டை இறக்கமாக விழுந்தது. பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிந்தவை இல்லை, முன்பின் இருக்கும். எழுதுவதற்கு முன்னால் இந்தத் தடவை நானே போன் செய்தேன்.

"தம்பி, நாயனத்தை வேணும்னே இறக்கினீங்களா?"

"நாங்க எதுவும் இறக்கலயே சார். அது அப்படித்தானே இருந்துச்சு?"