பெரட்டும் பரேடும்

மலேசியத் தமிழில் 'பெரட்டு' என்றொரு சொல் உண்டு. ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்கு அந்தப் பெயர். துரைகளின் 'பரேடு' தொழிலாளர் நாவில் அப்படித் திரிந்தது. புலம்பெயர்ந்த பெண்களின் உடற்பயிற்சி வரலாற்றை நான் இந்தச் சொல்லிலிருந்தே தொடங்குவேன்.

புலம்பெயர்ந்த பெண்கள் உடலை அசைப்பதில்லை, பண்பாடு தடுக்கிறது என்று இன்று நலவாழ்வு அறிவுரைகள் சொல்கின்றன. மலாயாவுக்குப் போன தமிழ்ப்பெண்ணோ ஓய்ந்து உட்கார்ந்ததே இல்லை. வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆகவே இருட்டிலேயே வேலைக்கு இறங்கினாள். நூற்றுக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாக அணுகி, குனிந்தும் நிமிர்ந்தும் பட்டை சீவினாள். பிறகு அதே வழியில் மறுபடி நடந்து பாலைச் சேர்த்து, வாளிகளைச் சுமந்து வந்தாள். 1920களின் இறுதியில் வகுக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. வீடு திரும்பினால் விறகு, தண்ணீர், பிள்ளை.

1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் பெண்கள் படைக்கு அழைப்பு விடுத்தார். 1940இல் சென்னையிலிருந்து அங்கே சென்றிருந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணி படை உருவானது. அக்டோபர் 22 அன்று பயிற்சி முகாம் திறந்தது. வசதியான வீட்டுப் பெண்கள் வந்தார்கள். தோட்டத்துப் பெண்களும் பலர் வந்தார்கள். சேலைக்குப் பதில் கால்சட்டை. உடற்பயிற்சி, அணிவகுப்பு, துப்பாக்கி, நெடுந்தூர நடை. மறுபடியும் வரிசை, மறுபடியும் பரேடு.

இதை விடுதலை என்று மட்டும் கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. அழைத்தவர் ஓர் ஆண், இலக்கு போர். ஆனாலும் அந்த மைதானத்தில் அவள் ஓடிய ஓட்டத்தை எந்தக் கங்காணியும் பால் எடை போட்டுப் பார்க்கவில்லை. உழைத்து உழைத்து உறுதிப்பட்ட உடல், அங்கே தன் வலுவைத் தானே அறிந்தது.

1945இல் படை கலைந்தது. ஜானகி தேவரைப் போன்ற சிலர் பொதுவாழ்வுக்கு வந்தார்கள். அவர்கள் பெயர் நின்றது. தோட்டத்திலிருந்து வந்த பலருக்கோ மீண்டும் பெரட்டுதான்.

இன்றும் அயல்நாட்டு நகரங்களில் அலுவலகம் துடைத்து, முதியோரைத் தூக்கிக் கிடத்திவிட்டு வரும் பெண்ணிடம் 'தினமும் நடங்கள்' என்கிறார்கள். அவள் நடந்துகொண்டுதான் இருக்கிறாள். அவளுக்கென்று ஒரு மணி நேரத்தை யார் விட்டுவைத்தார்கள்? கூலியையும் வீட்டுவேலையையும் பேசாமல் நடையை மட்டும் பேசும் அறிவுரை, அந்த 40 காசுக் கணக்கின் தொடர்ச்சிதான்.