ஈரலில் தங்கிய மை

சில மாதங்களுக்கு முன் வயிற்றில் ஒரு வலி கண்டு ஸ்கான் எடுக்கப் போயிருந்தேன். படுக்க வைக்குமுன் ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். படம் தெளிவாக விழுவதற்காக நரம்பில் ஒரு மருந்து ஏற்றப் போகிறார்களாம்.

"அந்த மருந்து அப்புறம் எங்கே போகும்?" என்று கேட்டேன். கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட கேள்விகள்தான் தோன்றும்.

"சிறுநீரோடு போய்விடும் சார். நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று சிரித்தாள் அங்கிருந்த பெண்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு துக்கமான சரித்திரம் இருக்கிறது. அன்று மாலையே அதைத் தேடிப் படித்தேன்.

எக்ஸ்ரேக்கு எலும்பு தெரியும். ரத்தக் குழாயும் ஈரலும் தெரியாது. கனமான பொருள் எதையாவது உள்ளே செலுத்தினால்தான் அவற்றின் நிழல் விழும். போர்ச்சுகல் தேசத்து எகாஸ் மோனிஸ் 1927-இல் மூளையின் ரத்தக் குழாய்களை முதன்முதலாகப் படம் பிடித்தபோது சோடியம் அயோடைடை உபயோகித்தார். நோயாளிகள் அவஸ்தைப்பட்டார்கள். பிறகு ஜெர்மனியிலிருந்து 'தோரோட்ராஸ்ட்' வந்தது. 1931-இல் மோனிஸும் அதற்கு மாறினார். தோரியம் ஆக்ஸைடின் நுண்ணிய துகள்கள் மிதக்கும் திரவம் அது. கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலைக்கு அத்தனை வெளிச்சத்தைக் கொடுத்ததும் தோரியந்தான். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அது உண்டு.

வலியில்லை, வாந்தியில்லை, படமோ அற்புதம்! தோரியம் கதிர்வீசும் பொருள் என்பது தெரியாமலில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு ஒன்று 1932-இலேயே எச்சரித்தது. கண்ணெதிரே தெளிவான படம் இருக்கும்போது, இருபது வருஷத்துக்கு அப்பால் வரப்போகும் வியாதியை யார் நினைப்பார்கள்?

ரத்தத்தில் வரும் அந்நியத் தூசியைப் பிடித்து விழுங்குவதற்கென்றே ஈரலில் காவல்கார செல்கள் இருக்கின்றன. அவை தங்கள் கடமையைத் தவறாமல் செய்தன. ஏற்றிய தோரியத்தில் பாதிக்கு மேல் ஈரலில் தங்கியது. மீதியில் பெரும்பகுதி மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும். விழுங்கியதைக் கரைக்கவும் முடியவில்லை, வெளியேற்றவும் முடியவில்லை. தோரியம் பாதியாகக் குறைவதற்கோ 1,400 கோடி வருஷம் ஆகும்!

அது வெளிவிடுவது ஆல்ஃபா துகள். ரூதர்ஃபோர்டின் சோதனைச்சாலையில் பொன் தகட்டின்மேல் பாய்ந்து, 1911-இல் அணுவுக்குள் ஒரு கரு இருப்பதைக் காட்டிக்கொடுத்தது இதே துகள்தான். உடம்புக்கு வெளியே இருந்தால் ஒரு காகிதம் போதும் அதைத் தடுக்க. உள்ளே இருந்தாலோ, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாமல் தன் பலம் முழுவதையும் பக்கத்துச் செல்களின் மேல் காட்டிவிடும்.

1947-இல் அமெரிக்க வைத்தியர்கள் மூவர், ஈரலின் ரத்தக் குழாய்களில் தோன்றும் அபூர்வமான புற்றுநோய் ஒன்றைத் தோரோட்ராஸ்டோடு சேர்த்து எழுதினார்கள். 1950-களில் அதன் உபயோகம் நின்றது. உள்ளே போனது நிற்கவில்லை. டென்மார்க், ஜெர்மனி, ஜப்பான், போர்ச்சுகல் தேசங்களில் ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருஷங்கள் பின்தொடர்ந்து கவனித்தார்கள். ஜப்பானில் பெரும்பாலோர் யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்கள். குண்டுக்குத் தப்பி, சிகிச்சைக்குப் படம் எடுத்துக்கொண்டு, வீடு திரும்பிக் குடும்பம் நடத்தியவர்களுக்கு இருபது முப்பது வருஷங்கள் கழித்து ஈரலில் நோய். சாதாரண எக்ஸ்ரே எடுத்தாலே போதும். பழைய மை ஈரலையும் மண்ணீரலையும் வெள்ளையாகக் காட்டியது.

மோனிஸை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சிப்பாய்களிடம் யாராவது காகிதம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருப்பார்களா என்ற எண்ணம் என்னை விடவில்லை. உடம்புக்குள் ஆல்ஃபா துகள் செய்யும் கேட்டைப் பற்றி இன்று தெரிந்ததில் பெரும்பங்கு அவர்கள் ஈரல் சொன்னதுதான்.

இப்போது ஈரலின் இறுக்கத்தை வெறும் அதிர்வைக் கொண்டே அளந்துவிடுகிறார்கள். ஜெனீவாவின் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் துகள்களை எண்ணுவதற்காகப் பிறந்த சில்லு நுட்பத்தைக் கொண்டு, 2018-இல் நியூஸிலாந்துக்காரர்கள் மனித உடம்பை வர்ணத்திலேயே எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்கள்.

இதையெல்லாம் படித்துக்கொண்டே இரவு வரை செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. வெறும் வாயுவாம்.