பஸ்திஹள்ளித் தூண்கள் சொல்லும் சேதி

நமது சங்க மலருக்கு இந்த வருஷம் கட்டுரை கேட்டபோது, முதலில் ஒரு கடனைத் தீர்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. சில ஆண்டுகளுக்கு முன் நம் பொங்கல் விழா மேடையில் நான் ஒரு கதை சொன்னேன். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் வைணவத்துக்கு மாறியதும் சமணர்களைச் செக்கிலிட்டு ஆட்டினான், அந்தப் பாவத்தால் அவன் தலைநகருக்குப் பக்கத்தில் பூமி பிளந்து ஊர்களை விழுங்கிற்று என்பது கதை. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்த நான் இதை என் தகப்பனார் மடியில் கேட்டு வளர்ந்தவன். அவர் அதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ஆகையால் அது உண்மையா என்று எனக்குக் கேட்கவே தோணவில்லை.

எனக்குத் தொழில் கொப்பரை வியாபாரம். அரசிகெரே மார்க்கெட்டுக்குப் போகாத மாதம் கிடையாது. ஒரு தடவை ஏலம் இரண்டு நாள் தள்ளிப்போனதால், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று ஹளேபீடுக்குப் பஸ் ஏறினேன். 'ஹளே பீடு' என்றால் பழைய இருப்பிடம். ஹொய்சளரின் தலைநகராக இருந்த துவாரசமுத்திரம் இதுதான். 1121 வாக்கில் எழும்பத் தொடங்கிய ஹொய்சளேஸ்வரர் கோயிலைப் பார்க்காத தமிழர் நம்மில் குறைவு. பேலூர், சோமநாதபுரம் கோயில்களோடு சேர்த்து 2023-ல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

ஆனால் அங்கிருந்து தெற்கே நடக்கும் தூரத்தில் உள்ள பஸ்திஹள்ளிக்கு எத்தனை பேர் போகிறோம்? சின்ன விவசாயக் கிராமம். கேழ்வரகு, சோளம், தென்னை. ரோட்டோரத்தில் கதிர் காயப்போட்டிருப்பார்கள். பெயரையே பாருங்கள். 'வசதி' என்ற வடசொல் கன்னடத்தில் 'பசதி', பேச்சில் 'பஸ்தி', அதாவது சமணக் கோயில். 'ஹள்ளி' என்பது நம் 'பள்ளி'தான்; பால் ஹாலு ஆனது போல. சமணர் உறைவிடத்தைத் தமிழில் பள்ளி என்றுதானே சொன்னோம்! ஆக ஊர்ப் பெயரிலேயே நம் சொல்லும் உட்கார்ந்திருக்கிறது.

அங்கே ஒரே வளாகத்தில் மூன்று பசதிகள்: பார்சுவநாதர், ஆதிநாதர், சாந்திநாதர். பார்சுவநாதர் பசதியில் மாக்கல்லைக் கடைந்து இழைத்த தூண்கள் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. கிட்டே போனால் நம் முகமே தெரிகிறது. உள்ளே கருத்த கல்லில், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல், ஏழுதலை நாகத்தின் அடியில் பகவான் நிற்கிறார். பக்கத்து வயலில் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்துக் கன்னடத்தில், "கல்லைப் பார்த்தது போதும், கல்வெட்டைப் படிச்சீங்களா?" என்றார். அந்த ஒரு கேள்விதான் என்னைத் திருப்பிப் போட்டது.

ஹளே கன்னடம் எனக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஊர் திரும்பியதும் பி.எல். ரைஸ் 1902-ல் பதிப்பித்த 'எபிகிராபியா கர்நாடிகா' ஐந்தாம் தொகுதியைத் தேடி எடுத்து, அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். விஷயம் இதுதான்.

விஷ்ணுவர்த்தனனின் தலைசிறந்த தளபதி கங்கராஜன். பரம சமணன். சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரைச் சுற்றித் திருச்சுற்று கட்டியவன். 1116 வாக்கில் சோழர் பக்கம் நின்று காவல் காத்த அதியமானை வென்று தலைக்காட்டைப் பிடித்தவனும் அவனே. தமிழன் என்ற முறையில் அது நாம் தோற்ற பக்கம், சமணன் என்ற முறையில் ஜெயித்த பக்கம். எதற்கு வருத்தப்படுவது, எதற்குச் சந்தோஷப்படுவது என்று நான் விட்டுவிட்டேன்!

கங்கராஜன் மறைந்த பின் அவன் மகன் போப்பன் தகப்பனார் நினைவாக 1133-ல் எடுத்ததே இந்தப் பார்சுவநாதர் பசதி. பிரதிஷ்டை முடிந்ததும் அர்ச்சகர்கள் பிரசாதத்தை எடுத்துக்கொண்டு பங்காபுரத்தில் இருந்த மன்னனிடம் போகிறார்கள். அப்போதுதான் அவனுக்குப் போரில் வெற்றி கிடைத்திருக்கிறது, ஆண் குழந்தையும் பிறந்திருக்கிறது. மன்னன் ஆசனத்தை விட்டு எழுந்து, கைகூப்பி, பிரசாதத்தை வாங்கிக்கொள்கிறான். இந்தப் பிரதிஷ்டையின் பலனாகத்தான் எனக்கு ஜெயமும் பிள்ளையும் என்று சொல்லி, பகவானுக்கு விஜயபார்சுவர் என்றும் பிள்ளைக்கு விஜயநரசிம்மன் என்றும் பெயர் வைக்கிறான். கோயிலுக்கு மானியமும் விடுகிறான்.

கவனியுங்கள். பேலூரில் அவன் விஜயநாராயணரைப் பிரதிஷ்டை செய்தது 1117-ல். அதற்குப் பதினாறு வருஷம் கழித்து நடந்தது இது. அந்தப் பதினாறு வருஷத்தில் பட்டத்தரசி சாந்தலை சமணராகவே வாழ்ந்து, சிரவணபெளகொளாவில் பசதி கட்டி, 1131-ல் சல்லேகனை நோற்று உயிர் நீத்தார். அந்த அம்மாள் பேலூரில் பெருமாளுக்கும் கோயில் எடுத்திருக்கிறார். இப்படிப்பட்ட வீட்டில் இருந்த ராஜா சமணரைச் செக்கில் ஆட்டியிருப்பானா? செக்குக் கதைக்கு அவன் காலத்துக் கல்வெட்டுச் சான்று ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

அப்படியானால் பூமி பிளந்தது? நகரம் அழிந்தது வாஸ்தவம். 1311-ல் மாலிக் காபூர் படை துவாரசமுத்திரத்தின் மேல் வந்தது. பின்னர் மறுபடியும் தில்லிப் படை வந்தது. மூன்றாம் வீரவல்லாளன் நம் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டான். 1342-ஐ ஒட்டி மதுரைச் சுல்தானோடு நடந்த போரில் உயிர்விட்டான். இன்றைக்கும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். அவ்வளவு பெரிய நகரம் ஏன் பாழாயிற்று என்று காரணம் தேடிய ஜனங்கள் பழைய ராஜா தலையில் ஒரு பாவத்தை ஏற்றிவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சண்டையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1368-ல் சமணருக்கும் வைணவருக்கும் தகராறு முற்றியபோது, புக்கராயர் சமணர் கையைப் பிடித்து வைணவர் கையில் வைத்து, இருவருக்கும் பேதமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். 1638-ல் இதே பஸ்திஹள்ளித் தூண்களில் வீரசைவர் ஒருவர் லிங்கமுத்திரை பதித்துவிட்டார். சமணர் ஒருவர் அதை அழித்தார். ஊர் இரண்டுபட்டது. கடைசியில் வீரசைவப் பெரியவர்களே கூடி, முதலில் விபூதியும் வெற்றிலையும் கொடுத்துவிட்டுச் சமணர்கள் தங்கள் பூஜையைத் தொடரலாம், தடுப்பவன் சிவத்துரோகி என்று எழுதிக் கொடுத்தார்கள். விட்டுக்கொடுத்தது சமணர்தானே என்று கேட்கலாம். வாஸ்தவம்தான். ஆனாலும் பூஜை நின்றுபோகவில்லை, தூண்களும் நின்றன.

என் தகப்பனார் இந்த ஊரைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்தக் கதையைச் சொல்லும்போது குரல் தழுதழுத்திருக்காது என்று நினைக்கிறேன். நானோ வந்த ஊரில் ஐம்பது வருஷம் சோறு தின்றவன். அந்த மண்ணின் ராஜா மேல் விசாரிக்காமல் ஒரு பழியை மேடையேறிச் சொன்னேன். அன்று கைதட்டியவர்கள் இன்று இதையும் படித்து, அந்தப் பேச்சைத் தள்ளிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த தடவை பிள்ளைகளோடு பேலூர், ஹளேபீடு டூர் போகும்போது, ஹொய்சளேஸ்வரரைத் தரிசித்துவிட்டு அப்படியே தெற்கே நடங்கள். செருப்பை வாசலில் விட்டு உள்ளே போய், தூணில் பிள்ளைகளின் முகத்தைக் காட்டுங்கள். அப்புறம் கல்வெட்டையும் காட்டுங்கள்.