முடிவைக் கொண்டு அளக்கலாமா?

நீண்ட காலம் ஒன்றாய் உழைத்தவர்கள் பிரிந்துபோனால், நாம் அவர்களுடைய கடைசி நாள்களையே முதலில் நினைக்கிறோம். கூடி வாழ்ந்த பத்தாண்டுகள் பின்னுக்குப் போகின்றன; பிரிந்த ஒரு மாதம் முன்னுக்கு வந்துவிடுகிறது. வரலாறு எழுதுவோரும் இதற்கு விலக்கல்லர். முடிவு தெரிந்த பின்னர் எழுதப்படுவதே வரலாறு. ஆகவே முடிவின் நிழல் தொடக்கம்வரை நீண்டு விழுகிறது. இது எவ்வளவு தூரம் நியாயம்? ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ரசிகர்கள் ஓயாமல் விவாதித்துவரும் ஓர் ஆங்கில ராக் இசைத்தட்டைக் கொண்டு இக்கேள்வியை எண்ணிப் பார்ப்போம். 1970 மே 8 அன்று வெளிவந்த 'லெட் இட் பீ'தான் அது. பீட்டில்ஸ் குழு பிரிந்த செய்தி உலகெங்கும் பரவி ஒரு மாதம்கூட நிறையாத வேளையில் அது மக்கள் கைக்கு வந்தது.

அந்த ஜனவரி மாதம்

இசைத்தட்டு வெளிவந்தது 1970இல். ஆனால் அதிலுள்ள பாடல்களில் பெரும்பாலானவை 1969 ஜனவரியில் உருவானவை. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் அவ்வாண்டு ஜனவரி 2ஆம் நாள் லண்டனின் டுவிக்கன்ஹாம் படப்பிடிப்பு நிலையத்தில் கூடினர். தொழில்நுட்ப ஒப்பனைகள் ஏதுமின்றி, தொடக்க காலத்தைப் போல நால்வரும் ஒன்றாய் அமர்ந்து வாசிப்பது என்பதே நோக்கம். ஒத்திகை முழுவதையும் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் என்னும் இயக்குநர் படம்பிடித்தார்.

குளிர் நிறைந்த பெரிய கூடம், பழக்கமில்லாத காலை நேரம், பழைய மனத்தாங்கல்கள். ஜனவரி 10 அன்று ஹாரிசன் குழுவை விட்டு வெளியேறினார். சமரசம் பேசி அவரை அழைத்துவந்த பின், தங்களுக்குச் சொந்தமான ஆப்பிள் நிறுவனத்தின் அடித்தளத்திற்கு இடம் மாறினர். ஜனவரி 22 அன்று பில்லி பிரெஸ்டன் வந்து சேர்ந்தார். அமெரிக்க நாட்டுக் கறுப்பினக் கிறிஸ்தவ ஆலயங்களில் சிறு வயது முதலே ஆர்கன் வாசித்து வளர்ந்தவர் அவர். விருந்தினர் வந்த வீட்டில் சண்டை அடங்குவதுபோல, அவர் வந்ததும் நால்வரின் பேச்சிலும் வாசிப்பிலும் கனிவு திரும்பியது. ஜனவரி 30 அன்று அக்கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏறி, காவல் துறையினர் வந்து நிற்கும்வரை, ஏறத்தாழ நாற்பது நிமிடம் வாசித்தனர். பொதுமக்கள் கேட்க நால்வரும் சேர்ந்து வாசித்தது அதுவே கடைசி முறை.

அதன் பிறகு ஒலிநாடாக்கள் கேட்பாரின்றிக் கிடந்தன. ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ் தொகுத்துத் தந்த வடிவங்கள் நிராகரிக்கப்பட்டன. 1970 மார்ச்சில் ஃபில் ஸ்பெக்டர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளரிடம் அவை ஒப்படைக்கப்பட்டன. ஏப்ரல் 1 அன்று அவர் மூன்று பாடல்களுக்கு இசைக்குழுவை அமர்த்தி வயலின்கள், ஊதுகருவிகள் முதலியவற்றைச் சேர்த்துப் பதிவு செய்தார். மெக்கார்ட்னி இயற்றிய 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்' பாடலில் யாழும் பெண்களின் சேர்ந்திசையும்கூடச் சேர்ந்துகொண்டன. இது மெக்கார்ட்னியைக் கேளாமலே நடந்தது. வயலின், ஊதுகருவி, குரல் ஆகியவற்றின் ஒலியைக் குறைக்கவும் யாழை நீக்கவும் வேண்டி ஏப்ரல் 14 அன்று அவர் கடிதம் எழுதினார். இசைத்தட்டு மாறாமலே வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதி நாளில் அவர் கூட்டாண்மையைக் கலைக்க நீதிமன்றம் சென்றபோது, இதுவும் ஒரு குறையாக எடுத்துரைக்கப்பட்டது.

ரசிகர்களின் வழக்கு

ரசிகர்களின் விவாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. எளிமையாய் வாசிக்க எண்ணிய பாடலுக்குப் பட்டும் பொன்னும் அணிவித்துவிட்டார் ஸ்பெக்டர் என்பார் ஒரு சாரார். மறுசாரார் விடுவதில்லை. நால்வருமே கைவிட்ட குவியலை அவர்தாம் கேட்கத் தகுந்ததாக்கினார் என்பர். லெனனும் பின்னாளில் அவருக்காகப் பரிந்து பேசினார். அப்பாடலின் மூலப் பதிவில் பாஸ் கிட்டார் வாசித்தவர் லெனன். அதில் பிழைகள் பல. அவற்றை மூடவும் வயலின்கள் உதவின என்று நுட்பமாய்க் கேட்பவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். தலைப்புப் பாடலிலோ வேறொரு வழக்கு. 1970 மார்ச்சில் தனித்தட்டாக வந்த வடிவிலும் மே மாதம் வந்த வடிவிலும் ஹாரிசனின் கிட்டார்த் தனியிசை வெவ்வேறு. முன்னதன் அமைதியா, பின்னதன் வேகமா என்று இன்றும் ரசிகர்கள் இரு கட்சியாய்ப் பிரிந்து நிற்கின்றனர்.

இவற்றைச் சுவை வேறுபாடு என்று விட்டுவிடலாம். அப்படி விட முடியாத ஒரு வழக்கும் உண்டு. தலைப்புப் பாடல் தொடங்குமுன், லெனன் குழந்தைக் குரலில் வானதூதர் பாடல் ஒன்றைப் பாடப்போவதாக அறிவித்து வேடிக்கை செய்வது கேட்கிறது. பாடல் முடிந்ததும் லிவர்பூல் துறைமுகத்தின் கொச்சையான நாட்டுப்பாடல் ஒன்று வருகிறது. தோழனின் பக்திமணம் கமழும் பாடலை லெனன் ஏளனம் செய்கிறார் என்றே நெடுங்காலம் பலர் எண்ணினர். ஆனால் பதிவேடுகள் வேறு சொல்கின்றன. அந்த வேடிக்கைச் சொற்கள் ஜனவரி 24 அன்று வேறொரு பாடலின் இறுதியில் பேசப்பட்டவை. தலைப்புப் பாடலின் மூலப் பதிவோ ஜனவரி 31ஆம் நாளுக்குரியது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்கள் தொகுத்தவர்களே. ஒரு வாரம் இடைவெளிவிட்டு நிகழ்ந்த இரண்டு செயல்கள் வெட்டி ஒட்டப்பட்டதால், ஒரு மனிதர் தம் நண்பரை இகழ்ந்தவராகத் தோற்றம் பெற்றார். வரலாற்றில் பொய் சொல்லாமலே பொய்யான தோற்றத்தை எழுப்ப முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

சாட்சியம் பெருகியபோது

1970 மே மாதத்தில் வெளிவந்த திரைப்படம் ஏறத்தாழ எண்பது நிமிடம் ஓடியது. பிரிவுச் செய்தியை அறிந்த கண்களுடன் மக்கள் அதைப் பார்த்தனர். முகங்களில் சோர்வையும், மெக்கார்ட்னியும் ஹாரிசனும் வாதிடும் காட்சியையுமே கண்டனர். லெனனும் ஹாரிசனும் தம் நேர்காணல்களில் அந்நாள்களைக் கசப்போடு நினைவுகூர்ந்தனர். ஆகவே 'லெட் இட் பீ' என்றாலே சண்டையின் இசைத்தட்டு என்ற தீர்ப்பு நிலைபெற்றுவிட்டது.

2003 நவம்பரில் ஸ்பெக்டரின் சேர்க்கைகளும் வேடிக்கைப் பேச்சுகளும் நீக்கப்பட்ட புதிய வடிவம் வந்தது. இதுவே உண்மையான இசைத்தட்டு என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் இதிலும் வெவ்வேறு பதிவுகள் கணினியின் துணையோடு இணைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தவர்கள், ஒப்பனையைக் களைவதும் ஓர் ஒப்பனையே என்றனர். கிளின் ஜான்ஸ் தொகுத்து நிராகரிக்கப்பட்ட 1969ஆம் ஆண்டு வடிவம் 2021இல் முறையாக வெளியாயிற்று.

அவ்வாண்டு நவம்பரில் பீட்டர் ஜாக்சன் என்னும் நியூசிலாந்து இயக்குநர், அதே ஜனவரியில் எடுக்கப்பட்ட அறுபது மணி நேரப் படச்சுருள்களிலிருந்து ஏறத்தாழ எட்டு மணி நேரத் தொடரைத் தந்தார். பழைய சண்டைகள் அதில் மறைக்கப்படவில்லை. ஹாரிசன் வெளியேறுவது இருக்கிறது. உணவகத்துப் பூந்தொட்டியில் ஒளித்து வைத்த ஒலிவாங்கியில் பதிவான லெனன், மெக்கார்ட்னி உரையாடலும் இருக்கிறது. ஆனால் இவற்றுக்கிடையே சிரிப்பும் இருக்கிறது. ஒருவர் தடுமாறும் வரிக்கு மற்றவர் சொல் எடுத்துக் கொடுக்கிறார். லெனன் வரத் தாமதமான ஒரு காலையில், மெக்கார்ட்னி வெறுமனே தட்டிக்கொண்டிருந்த பாஸ் கிட்டாரிலிருந்து சில நிமிடங்களில் 'கெட் பேக்' என்ற பாடல் உருப்பெறுவதை நாம் கண்ணால் காண்கிறோம். மொட்டை மாடியில் அவர்கள் வாசித்தவற்றுள் ஒன்று, லெனன் பதின்பருவத்தில் இயற்றிய பாடல். 1957 ஜூலை 6 அன்று லிவர்பூலின் ஊல்ட்டன் புனித பேதுரு ஆங்கிலிக்கன் ஆலயத் திருவிழாவில் தொடங்கிய நட்பு, கடைசி மேடையிலும் தன் இளமையைப் பாடிக் களித்தது.

இதைப் பார்த்து முதிய ரசிகர்கள் பலர் கண்ணீர் விட்டனர். தாங்கள் ஐம்பது ஆண்டுகள் துயரமாகவே கேட்ட பாடல்களை அவர்கள் புதிதாய்க் கேட்டனர். அதே வேளையில், புதிய தொடரும் ஒருவர் தேர்ந்து தொகுத்ததே, மகிழ்ச்சியைக் கூட்டிக் காட்டுகிறதோ என்று கேட்டவர்களும் இருந்தனர். அதுவும் நியாயமான கேள்வியே. பழைய திரைப்படமும் செப்பனிடப்பட்டு 2024 மே மாதம் மீண்டும் வெளிவந்ததால், இன்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க இயலுகிறது.

ஒன்றா, பலவா?

பல சாட்சியங்களை ஒன்றாக உருக்கிவிடும் ஆசை புதியதன்று. இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியன் என்பவர் நான்கு நற்செய்திகளையும் இணைத்து ஒரே வரலாறாகத் தொகுத்தார். சிரியத் திருச்சபையில் அது நெடுங்காலம் வழக்கில் இருந்தது. ஆயினும் ஐந்தாம் நூற்றாண்டில் அதை விடுத்து, நான்கும் நான்காகவே வாசிக்கப்படலாயின. மாற்கின் விரைவும் யோவானின் ஆழமும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடாமல் நமக்குக் கிடைத்திருப்பது இதனால்தான். இறைவார்த்தையையும் இசைத்தட்டையும் ஒரே தராசில் வைப்பது நம் நோக்கமன்று. சாட்சிகள் வேறுபடும்போது ஒருவரை விரட்டிவிட்டு மற்றவரை அரியணை ஏற்றுவதைவிட, எல்லாரையும் அமரவைத்துக் கேட்பதே மேல் என்பதைச் சொல்லவே இதை நினைவூட்டுகிறோம்.

தலைப்புப் பாடலில் மேரி என்னும் அன்னை வருகிறார். நம்மவர் பலர் அவரை இயேசுவின் தாயாகவே கொள்வர். ஆங்கில விவிலியத்தில் வானதூதருக்கு மரியா கூறிய மறுமொழியை அத்தலைப்பு நினைவூட்டவும் செய்கிறது. மெக்கார்ட்னி கருதியதோ தம்மைப் பெற்ற தாயை. கத்தோலிக்கரும் செவிலியருமான மேரி, 1956இல் இறந்தபோது மகனுக்கு வயது 14. குழுவில் பூசல் மிகுந்த நாள்களில் அவர் மகனின் கனவில் வந்து ஆறுதல் கூறியதே பாடலாயிற்று. கேட்பவர்கள் தம் விசுவாசத்தின்படி பொருள் கொள்வதில் தமக்குத் தடையில்லை என்று மெக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார். லெனனும் தம் தாயை 1958இல் விபத்தில் இழந்தவர். தாயற்ற இரு சிறுவரைப் பிணைத்த அந்த உறவு, ஒரு வழக்கு மன்றத் தாளோடு முடிந்துவிட்டதாக நாம் எப்படி எழுதுவது?

நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் அன்பியங்களிலும் பிரிந்துபோனவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி நம்மிடம் இருப்பது பெரும்பாலும் எண்பது நிமிடப் படமே. அதுவும் பிரிவுக்குப் பின் நாமே வெட்டி ஒட்டியது. மீதி ஐம்பத்தெட்டு மணி நேரச் சுருள்கள் எங்கோ திறக்கப்படாமல் கிடக்கின்றன. அவற்றைத் திறந்தால் சண்டை இல்லாமற்போகாது. ஆனால் சண்டையோடு சிரிப்பும் அங்கே இருந்தது தெரியவரும். தீர்ப்பு எழுதுமுன் அவற்றையும் பார்க்க நமக்குப் பொறுமை உண்டா?