பாட்டனார் பெட்டியில் பழைய ரூபாய்கள்

பாட்டனார் விட்டுச்சென்ற பெட்டியில் பழைய வெள்ளி ரூபாய்கள் உள்ளனவா? உடனே தட்டாரிடம் ஓடாதீர்கள்! முதலில் ஆண்டைப் பாருங்கள். 1939 வரை அச்சான ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. போர்க்காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வரவே, 1940இல் அது பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டு ரூபாயோ வெறும் நிக்கல். காந்தத்தை அருகில் கொண்டு சென்றால் ஒட்டிக்கொள்ளும்! மூன்றுக்கும் பெயர் என்னவோ 'ஒரு ரூபாய்'தான். ஆகவே உடன்பிறந்தோர் வெறுமனே எண்ணிப் பங்கிட்டால் யாரேனும் ஒருவர் ஏமாறுவது உறுதி.

புளி போட்டுத் துலக்கவும் வேண்டா. துலக்கத் துலக்க ஆண்டும் உருவமும் மழுங்கும். சேகரிப்போர் தரும் விலையும் குறையும். உருக்கினாலோ உலோக விலை மட்டுமே மிஞ்சும். நூறாண்டு கடந்த நாணயங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடந்தராது என்பதையும் விற்குமுன் நினைவில் வையுங்கள்.